ஒன்பதாம் எண்ணுக்கு நேர்ந்தது

கேள்வி என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சலவை ஆலைக்குப் பின்னால் இருக்கும் நான்கு தெருக்களும் சேர்ந்து வைத்த பெயர். கழுத்தில் அடையாள அட்டையும், கையில் அட்டையில் செருகிய படிவமுமாக அவள் தெருமுனையில் திரும்பினாலே போதும். "கேள்வி வந்துட்டா, அடுப்ப அணைச்சுட்டு உக்காருங்க, இனி ஒரு மணி நேரத்துக்கு எந்திரிக்க முடியாது" என்று ஒருத்தி குரல் கொடுப்பாள். எதிர்வீட்டுக்காரி சிரிப்பாள். கேள்வியும் சிரிப்பாள். கிண்டல் பண்ணுகிறவர்கள் கதவைச் சாத்துவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு முன் சுகாதார அலுவலகத்திலிருந்து வந்த கணக்கெடுப்புக்காரர்களுக்கு அந்தத் தெருக்கள் சாத்திய கதவுகளைத்தான் காட்டின. திறந்தாலும் பதில் ஒன்றுதான். கை கழுவுறீங்களா? கழுவுறோம். மாத்திரை சாப்பிடுறீங்களா? சாப்பிடுறோம். வந்தவர்களும் வெயிலுக்கு முன்னால் வீடு திரும்பினால் சரி என்று டிக் அடித்துக்கொண்டு போனார்கள். கேள்வி அப்படி வெளியிலிருந்து வந்தவள் இல்லை. பதினோரு வருஷம் அதே ஆலையில் மடிக்கும் கூடத்தில் நின்றவள். இப்போதும் அக்கா வீட்டு மாடியறையில்தான் குடியிருக்கிறாள். அவளிடம் பொய் சொன்னால் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஊரிலுள்ள அத்தனை ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளையும் அந்த ஆலைதான் வெளுத்தது. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட், மாலை நாலுக்கு முடியும். பத்து மணி நேரமும் ரப்பர் பூட்ஸுக்குள் கால் ஊறிக்கொண்டிருக்கும். சர்க்கரை இருக்கிற உடம்புக்கு அது போதும். ஒரு சிராய்ப்பு புண்ணாகும், புண் ஆறாது, அப்புறம் ஒரு நாள் விரல் போகும், பிறகு பாதம். மற்ற தெருக்களைவிட அந்த நாலு தெருக்களில் கால் எடுத்தவர்கள் மூன்று மடங்கு. சுகாதார அலுவலகத்து வரைபடத்தில் அந்த இடம் மட்டும் சிவப்பாக இருந்தது. அதிகாரிக்கு அந்தச் சிவப்பு பிடிக்கவில்லை. பக்கத்திலேயே சுகாதார மையம் இருக்கிறது, இலவசமாக ரத்தம் பார்க்கிறார்கள், இவர்கள் வந்து காட்டினால் என்னவாம் என்று அவர் எரிந்து விழுந்தார். காரணம் கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சித் திட்டம் போட்டார்கள். அதற்கு வந்தவள்தான் ஊசி போடாத டாக்டர்.

அந்தப் பெயரும் தெரு வைத்ததுதான். முதல் நாள் அந்த அம்மாள் தன்னை டாக்டர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டதும் ஒரு கிழவி தோள்பட்டையை நீட்டிவிட்டாள். "நான் அந்த டாக்டர் இல்லம்மா, சமூகத்தப் படிச்ச டாக்டர்" என்று இவள் விளக்க, "அப்ப எங்களுக்கு என்ன நோய்னு படிச்சீங்க" என்று கிழவி கேட்க, தெருவே சிரித்தது. வீடு வீடாகப் பேட்டி எடுக்க ஆலையை விட்டு வந்து அவளிடம் சேர்ந்த கேள்வி மட்டும் அவளை மேடம் என்று கூப்பிட்டாள். ஆலையில் மேற்பார்வையாளர்கள் "ஏய்" என்று கூப்பிட்டே பழகிய காதுக்கு, மேடம் முதல் நாளே "நீங்க" என்று பேசியது தேனாக இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததை வைத்து அந்த அம்மாளை மட்டமாகப் பேசிவிடலாம். ஆனால் அவள் கெட்டிக்காரி. வந்த வாரமே மூன்று நாள் விடியற்காலையில் ஆலை வாசலில் போய் நின்று, யார் என்ன காலணியில் வருகிறார்கள், யார் நொண்டுகிறார்கள் என்று எழுதினாள். "உடம்பப் பத்தி டாக்டருக்குத் தெரியும். அந்த உடம்பு எங்க நிக்குது, எத்தன மணிக்கு நிக்குது, யாரு சொல்லி நிக்குது, அத நாமதான் பாக்கணும்" என்று கேள்விக்குப் பயிற்சி கொடுத்தாள். ஏன் மையத்துக்கு வரவில்லை என்று எடுத்தவுடன் கேட்கக் கூடாது, கேட்டால் யாரும் சாக்குத்தான் சொல்வார்கள்; நேற்று காலை எழுந்தது முதல் என்னென்ன செய்தீர்கள் என்று மணி மணியாகக் கேட்க வேண்டும் என்றாள். கேள்விக்கு அது பிடித்துப்போயிற்று. தெருவுக்கும் பிடித்துப்போயிற்று. நேற்று என்ன செய்தாய் என்று அந்தப் பெண்களை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அப்படிக் கேட்டதில் காரணம் தானாக வெளியே வந்தது. மையத்தில் சர்க்கரைக்கு வெறும் வயிற்றில்தான் ரத்தம் எடுப்பார்கள். எடுப்பது எட்டிலிருந்து ஒன்பது வரை. டோக்கன் பதினொரு மணியோடு நின்றுவிடும், ஒரு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஆறு மணிக்கு ஆலைக்குள் போனவள் நாலு மணிக்கு வெளியே வரும்போது பூட்டைத்தான் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்குமே லீவு. லீவு போட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் அந்த ஆலையில் வேலை பார்த்ததில்லை. மாதத்தில் மூன்று நாள் லீவு போட்டால் நான்காம் நாள் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள்.

அச்சடித்த படிவத்தில் இதற்கு இடமே இல்லை. தூரம், பயம், அக்கறையின்மை, நம்பிக்கையின்மை என்று எட்டுக் காரணங்களுக்கு எட்டு எண்கள் கொடுத்திருந்தார்கள். நாலாவது அக்கறையின்மை. எட்டாவது மற்றவை. கேள்வி அந்த எட்டாம் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கோட்டில் பொடி எழுத்தில் எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, தாளின் பின்பக்கமும் போய்விட்டாள். இரண்டாவது வாரம் மேடம் அந்தத் தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பி, முழங்காலிட்டுப் படித்தாள். படித்துவிட்டுப் பேனாவை எடுத்து, அந்த எண்களின் பட்டியல் இருந்த குறியீட்டுத் தாளின் அடியில் ஒன்பது என்று எழுதினாள். "வேலை நேரத்தில் மையம் திறந்திருக்கிறது, வேலை முடியும்போது மூடியிருக்கிறது." எழுதி முடித்து நிமிர்ந்து, "இது உங்க நம்பர்" என்றாள்.

அன்று கேள்வி தரையில் நடந்து வீட்டுக்குப் போனதாக அவளுக்கே நினைவில்லை.

முன்னூற்று நாற்பது வீடுகள். அதில் நூற்றுப் பதினெட்டாவது அக்கா வீடு. சொந்தக்காரர்களிடம் தானே பேட்டி எடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அக்கா வேறு யாருக்கும் வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சரி, நீங்களே எடுங்கள் என்று மேடம் விட்டுக்கொடுத்தாள். அக்கா பிழியும் இயந்திரத்தில் வேலை. அத்தான் லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் திரும்புவார். அக்காவுக்கும் தங்கைக்கும் இடையில் ஒளிவு மறைவு ஏதும் இல்லை என்றுதான் கேள்வி நினைத்துக்கொண்டிருந்தாள். படிவத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

"மூணு தடவ போனேன்" என்றாள் அக்கா.

"எங்க?"

"மையத்துக்குத்தான். ரெண்டு தடவ டோக்கன் முடிஞ்சிருச்சு. மூணாவது தடவ பொய் சொல்லிட்டுப் பாதி ஷிஃப்ட்ல வெளிய வந்தேன். உள்ள விட்டாங்க. கால நீட்டச் சொல்லி நர்ஸ் பாத்துட்டு, இவ்வளவு அழுகற வரைக்கும் வீட்ல என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேட்டா. கூட இருபது பேர் இருந்தாங்க. எல்லாரும் மூக்க மூடிக்கிட்டாங்க. நான் எந்திரிச்சு வந்துட்டேன்."

"எங்கிட்டக்கூட சொல்லலியேக்கா."

"உங்க அத்தான்கிட்டயும் சொல்லல. நாத்தம் அடிக்குதுன்னு போய்ச் சொல்ற விஷயமா இது?" என்று சொல்லிவிட்டு, அக்கா காலைத் துணிக்குள் இழுத்துக்கொண்டாள். பெருவிரலுக்கு அடியில் பொத்தான் அகலத்துக்கு ஒரு குழி. "எழுதிக்கோ. ஆனா என் பேரு எங்கயும் வரக் கூடாது."

பெயர் எழுதவில்லை. எண் மட்டும். மற்றதையெல்லாம் அக்கா சொன்னது சொன்னபடி எழுதினாள். கடைசிக் கட்டத்தில் ஒன்பது என்று போட்டாள்.

வீடுகள் முடிந்ததும் மேடம் ஒரு மாலை ஆலை வாசலுக்கு வந்தாள். நாலு மணிக்கு வெளியே வந்த கூட்டத்தை நிறுத்தி, சுற்றி வளைக்காமல் பேசினாள். "நீங்க சொன்னத ஒரு எழுத்து மாத்தாம கொண்டு போவேன். வாரத்துல மூணு நாள் சாயங்காலம் மையம் திறக்கணும்னு நானே கேப்பேன்." பெண்கள் அவளைப் பார்க்கவில்லை, கேள்வியைப் பார்த்தார்கள். நம்பலாமா என்று அந்தப் பார்வை கேட்டது. கேள்வி தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அந்த ஒரு தலையாட்டலுக்குத்தான் அவள் பிறகு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் ஐந்து மாதம் ஓடியது. அக்காவின் குழி ஆழமாகிக்கொண்டே போனது. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்க்கா" என்று கேள்வி இரண்டு தடவை சொன்னாள். அக்கா ஏற்கெனவே அந்த மாதம் இரண்டு லீவு எடுத்திருந்தாள். "அதான் சாயங்கால மையம் வருதுன்னியே, அப்ப காட்டிக்கிறேன்" என்றாள். மூன்றாவது தடவை கேள்வி வற்புறுத்தவில்லை. "இன்னும் ஒரு மாசம்தான், அறிக்கை போயிருச்சு" என்று அவளே சொன்னாள். தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அறிக்கைமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இடையில் ஒரு நாள் மேடம் ஒரு கட்டுத் தாளை அவள் முன்னால் வைத்தாள். படிவங்களிலிருந்து எண்களை எடுத்து வீட்டு வரிசையில் எழுதிய தொகுப்புத் தாள்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பேட்டி எடுத்தவர் சரிபார்த்தார்' என்று ஒரு கோடு. "வெறும் சம்பிரதாயம்தான், போட்டுருங்க" என்றாள் மேடம். கேள்வி நாற்பத்தி மூன்று பக்கத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மேடம் நீட்டிய தாளை வாசித்துப் பார்ப்பது அவளுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றியது.

முடிவுகளை மக்களுக்கே சொல்ல வேண்டும் என்று மையத்தின் கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். வைத்த நேரம் காலை பத்து மணி. யாருக்காகக் கூட்டமோ அவர்கள் வர முடியாத நேரம் என்று யாருக்கும் உறைக்கவில்லை. கேள்வி கெஞ்சிக் கூத்தாடி ஏழு பேரைப் பாதி நாள் லீவு போட வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். அக்காவோடு வேலை பார்க்கும் இஸ்திரியக்கா அதில் ஒருத்தி. சூடான உருளைக்குள் விரிப்புகளைக் கொடுத்து எடுக்கிறவள், நறுக்கென்று பேசுகிறவள். முன் வரிசையில் உட்கார்ந்து, "இன்னைக்கு உன் மேடம் நமக்காகக் கிழிக்கப் போறாங்க, பாக்கலாம்" என்று கேள்வியின் தொடையில் தட்டினாள்.

திரையில் முதலில் வரைபடம் வந்தது. அப்புறம் ஒரு நீளமான நீலப் பட்டை. அதற்கு மேல் எழுதியிருந்தது: 'மையத்துக்கு வராததன் முக்கியக் காரணம் அக்கறையின்மை. அறுபத்தி இரண்டு சதவீதம்.'

கேள்வி வாய்க்குள் கணக்குப் போட்டாள். அவள் எழுதிய ஒன்பதுகள் இருநூற்றுப் பதினொன்று. முன்னூற்று நாற்பதில் அது அறுபத்தி இரண்டு. எண் அப்படியே இருந்தது. பெயர்தான் மாறியிருந்தது.

அடுத்த திரையில் பரிந்துரைகள். விழிப்புணர்வுப் பிரசாரம், சுவரொட்டி, ஒலிபெருக்கி வண்டி, 'என் கால் என் பொறுப்பு' என்று ஒரு வாசகம். மாலை நேர மையம் பற்றி ஒரு வரி இல்லை. மேடம் திரையைப் பார்த்தே பேசினாள், கூட்டத்தின் பக்கம் திரும்பவில்லை. அதிகாரி எழுந்து நன்றி சொன்னார். "உங்க கால நீங்களே பாத்துக்கலன்னா டாக்டர் வந்தா பாத்துக்கிட்டிருப்பார்" என்று ஒரு நகைச்சுவையும் சொன்னார். பின்வரிசையில் அலுவலகத்துக்காரர்கள் சிரித்தார்கள்.

இஸ்திரியக்கா திரும்பிக் கேள்வியைப் பார்த்தாள். "இதுக்குத்தான் எங்கள லீவு போடச் சொன்னியா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கேள்விக்குத் தாங்கியிருக்கும். ஏழு பேரும் எழுந்து, நாற்காலி இடிபடாமல் ஒதுங்கி ஒதுங்கி வெளியே போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் கேள்வி நேராகத் திட்ட அலுவலகத்துக்குப் போனாள். பதிவு செய்கிறவர் மட்டும் இருந்தார், ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கும் மனிதர். குறியீட்டுத் தாளையும் தான் கையெழுத்துப் போட்ட கட்டையும் கேட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலத்தான் இருந்தார். ஒன்பதாம் வரியின் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு நாலு. ஒன்பதை எழுதிய அதே பேனா, அதே சாய்வான கையெழுத்து.

"யாரு பண்ணது?" என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

"எனக்கு எண்களக் கம்ப்யூட்டர்ல தட்டறதுதாம்மா வேலை" என்றார் அவர். "ஆனா ஒவ்வொரு பக்கத்துலயும் நீங்க சரின்னு கையெழுத்து போட்டிருந்தீங்களா, நான் உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்."

கட்டைப் புரட்டினாள். நாற்பத்தி மூன்று பக்கம். நூற்றுப் பதினெட்டாம் வீட்டுக்கு எதிரே நாலு. அக்கறையின்மை. அடியில் அவளுடைய கையெழுத்து, கடைசி எழுத்தை நன்றாகச் சுழித்து அழகாகப் போட்டது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். கத்தியைத் தன் கையாலேயே பிடிக்க வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

மேடம் தன் அறையில் இருந்தாள். இவள் வருவாள் என்று தெரிந்துதான் இருந்தாள்.

"ஒன்பது எங்க மேடம்?"

"உக்காருங்க."

"நிக்கிறேன். பத்து மணி நேரம் நின்னு பழக்கம்தான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "முதல் அறிக்கைல ஒன்பது இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு. அதிகாரி திருப்பி அனுப்பிட்டார். சாயங்காலம் திறக்கணும்னா டாக்டர், நர்ஸ், ரத்தம் எடுக்கறவர்னு ஆளுங்க வேணும், ஊழியர் சங்கம் ஒத்துக்காது, இந்த வரி இருந்தா கையெழுத்தே போட மாட்டேன்னார். அவர் போடலன்னா திட்டம் அந்த மாசத்தோட மூடிரும்."

"அதனால?"

"அதனால பக்கத்துல பொருந்தற எண்ணோட சேத்தேன். உடம்பவிட வேலைய முதல்ல வச்சிருக்காங்கன்னா, அத ஒரு விதமான அக்கறைக் குறைவுன்னு அர்த்தம் பண்ணிக்கலாம். ஆராய்ச்சில சின்னச் சின்ன வகைகளப் பெரிசுல சேக்கறது வழக்கம்தான்."

"இருநூத்திப் பதினொண்ணு சின்ன வகையா?"

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அடுத்த வருஷம் வேற மாதிரி கேட்டு மறுபடி கொண்டு வரலாம். கதவு திறந்திருந்தாத்தான அடுத்த தடவ உள்ள போக முடியும்" என்றாள்.

"அடுத்த வருஷம் கால் இருக்கணுமே மேடம்."

அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மேடத்தின் முகம் சிவந்தது. "நான் எனக்காக மட்டும் பண்ணல. உனக்காகவும்தான் பண்ணேன். திட்டம் மூடினா நீ எங்க போவ? மறுபடி மடிக்கிற கூடத்துக்குத்தான். விழிப்புணர்வுக் குழுவுக்கு உன்னத்தான் தலைவியா எழுதிக் கொடுத்திருக்கேன். உன் முகத்துக்கு அந்தத் தெருவுல மதிப்பு இருக்கு. அத வீணாக்காத." குரலைத் தாழ்த்தி, "வெளிய போய் ஏதாவது பேசறதுக்கு முன்னாடி யோசி. எல்லாப் பக்கத்துலயும் உன் கையெழுத்தும் இருக்கு" என்றாள்.

முதல் நாளிலிருந்து "நீங்க" என்று பேசிய வாய். கேள்விக்கு அதற்குப் பிறகுதான் கண் கலங்கியது. அட்டையைக் கழற்றி மேசைமேல் விட்டெறிந்துவிட்டு வந்தாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். எறியவில்லை. கழுத்தில் அட்டையோடுதான் படி இறங்கினாள். பாதி வழியில், தலைவி என்றால் சம்பளம் கூடுமோ என்று ஒரு நினைப்பு வந்து போனதையும் மறைப்பதற்கில்லை. அந்த நினைப்புக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் வீடு சேர்ந்தபோது ஐந்து மணி. அக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து காலில் சுற்றிய துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கேள்வி எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கோடு போட்டது, அம்புக்குறி போட்டது, அதிகாரி, சங்கம், எல்லாம். கையெழுத்துப் போட்டதையும் விடவில்லை. பேசப் பேச மேடத்தின்மேல் ஆத்திரம் ஏறியது. "பாவி, எப்படி ஏமாத்திட்டா பாருக்கா. நம்ம வீட்டுத் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கா" என்றாள்.

அக்கா துணியைச் சுருட்டினாள். "இஸ்திரியக்கா மத்தியானமே வந்து சொல்லிட்டா" என்றாள்.

"நாளைக்கே பத்திரிகைக்காரங்ககிட்ட போறேன். சும்மா விட மாட்டேன்."

"அந்தம்மா எனக்கு யாருடி?" என்றாள் அக்கா. கோபமில்லை, களைப்புத்தான். "அவங்க ஏமாத்தினா எனக்கென்ன. நான் அவங்ககிட்டயா சொன்னேன்? நாலு பேர் மூக்க மூடினத, நான் எந்திரிச்சு ஓடி வந்தத, கட்டினவர்கிட்டச் சொல்லாதத உங்கிட்டச் சொன்னேன். நீ எழுதின. எழுதி, அக்கறை இல்லாதவன்னு கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டு வந்திருக்க."

"படிக்காம போட்டுட்டேன்க்கா."

"அதத்தான் சொல்றேன்."

கேள்வி அழுதாள். அக்கா அழவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு லீவு போடுக்கா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் கூட வரேன்" என்றாள் கேள்வி. "பாக்கலாம்" என்றாள் அக்கா.

மறுநாள் காலை கேள்வி மாடியிலிருந்து இறங்கியபோது வீடு பூட்டியிருந்தது. வேலைக்குத்தான் போய்விட்டாள் என்று ஆலை வாசலுக்கு ஓடினாள். காவலாளி வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு, அக்காவும் வரவில்லை, இஸ்திரியக்காவும் வரவில்லை என்றான். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். போய்ச் சேர்ந்து, விசாரணை மேசையில் நின்று, மூன்று மாடி ஏறி இறங்கி, கால் அறுவைப் பிரிவைக் கண்டுபிடிக்கப் பதினொரு மணி ஆகிவிட்டது.

வெளியே நீள பெஞ்சில் இஸ்திரியக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் அக்காவின் கைப்பை. கேள்வியைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். உள்ளே போகலாமா என்று கேள்வி கதவைத் தொட்டபோது ஒரு நர்ஸ் தாளோடு வெளியே வந்தாள். "பன்னிரண்டாம் கட்டிலுக்குக் கூட இருக்கறது யாரு?"

"நான் தங்கச்சி" என்றாள் கேள்வி.

நர்ஸ் தாளைப் பார்த்தாள். "தங்கச்சின்னு எழுதலியே. கூட வேலை செய்யறவங்கன்னு போட்டிருக்கு."

இஸ்திரியக்கா எழுந்து உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. கேள்வி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே டாக்டரின் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. அக்காவின் குரல் ஒரு தடவை கேட்டது.

இஸ்திரியக்கா வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் கேள்வி. "விரலோட போயிருமா? பாதத்தையுமா? எப்ப எடுக்கறாங்க?"

இஸ்திரியக்கா அவளை ஏறெடுத்துப் பார்த்தாள். நறுக்கென்று பேசுகிறவள்தான், ஆனால் இதைச் சொல்ல அவளுக்குச் சிரமமாக இருந்தது.

"உங்கிட்ட எதுவும் சொல்லக் கூடாதுன்னு உங்க அக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா" என்றாள். "சொன்னா நீ எழுதிருவியாம்."